25 மில்லிவாட் குரலும் 550 கிலோமீட்டர் உயரமும்

போன மாதம் பள்ளித் தோழன் ஒருவன் போன் பண்ணினான். குமரி மாவட்டக் கடற்கரைக்காரன், ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் பங்காளி. என் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன ஆண்டெனா வைத்து செயற்கைக்கோள் சிக்னல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்போதோ அவனிடம் சொல்லியிருந்தேன். அதை மறக்காமல் கேட்டான்:

"மக்கா, ஒனக்க பெட்டி மேல போற சாட்டிலைட்ட கேக்கும்னா, எனக்க போட்டுல ஒரு பெட்டி வச்சா சாட்டிலைட் அத கேக்காதா? ரெண்டாயிரம் ரூவாதானல?"

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவனுடைய அண்ணன் கடலில் இருந்தார். ஆறு நாள் கழித்து லட்சத்தீவில் கரை ஏறினார். அந்த ஆறு நாளும் வீட்டுக்கு ஒரு தகவலும் கிடையாது. கரையிலிருந்து 20, 30 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் வேலை செய்யாது. படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோவும் பூமியின் வளைவைத் தாண்டி ரொம்ப தூரம் போகாது. அதனால்தான் அவன் கேள்வி வேடிக்கையானது இல்லை.

"ஒரு வாரம் குடுடே, கணக்கு போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. முதலில் "ஆமாம்" என்று வந்தது, அப்புறம் "இல்லை", கடைசியில் "எதுக்குன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்" என்று முடிந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இணையத்தோடு பேசும் குட்டிக் கருவிகள் இப்போது எங்கும் இருக்கின்றன. வயலில் மண் ஈரம் பார்ப்பது, தண்ணீர் மீட்டர், கொள்கலனில் ஒட்டும் டிராக்கர் எல்லாம் இந்த ஜாதிதான். இவற்றில் பலவற்றுக்கும் உள்ளே இருக்கும் ரேடியோ முறையின் பெயர் லோரா. பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் சைக்கிலியோ என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது. 2012-இல் செம்டெக் அதை வாங்கியது.

இந்தக் கருவி சாதாரணமாக அனுப்பும் சக்தி 25 மில்லிவாட். ஒப்பிட்டுப் பாருங்கள்: அதே சர்க்யூட் போர்டில் "ஆன்ல இருக்கேன்" என்று காட்டும் சிவப்பு எல்இடி விளக்கு கிட்டத்தட்ட 40 மில்லிவாட் சாப்பிடும். விளக்கைவிட ரேடியோ பலவீனமானது! ஊருக்குள் இது இரண்டு மூன்று கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். அப்படியிருக்க 550 கிலோமீட்டர் உயரத்தில் போகும் செயற்கைக்கோளுக்கு எப்படிக் கேட்கும்?

ஊருக்குள் தூரம் குறைவதற்குக் காரணம் தூரம் இல்லை, தடைகள். கான்கிரீட் சுவர், மரம், மேடு, கடைசியில் பூமியின் வளைவு. அண்ணாந்து பார்த்தால் இதில் ஒன்றும் கிடையாது. மேல்நோக்கிப் போகும் சிக்னலுக்கு முதல் சில கிலோமீட்டர் காற்று, அப்புறம் வெறும் வெளி. அங்கே சிக்னல் பரவிப் பரவி மெலியுமே தவிர, எதிலும் முட்டாது. கடல் நடுவில் நிற்கும் படகு இன்னும் வசதி. சுற்றிலும் அடிவானம் வரை வானம் திறந்தே இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ரேடியோக்காரர்கள் டெசிபெல்லில் கணக்கு போடுவார்கள். பெருக்கல் வகுத்தல் எல்லாம் கூட்டல் கழித்தலாக மாறிவிடும். 10 டெசிபெல் என்றால் 10 மடங்கு, 20 என்றால் 100 மடங்கு, 30 என்றால் 1000 மடங்கு. இது தெரிந்தால் மீதியைப் பின்தொடரலாம்.

25 மில்லிவாட் என்பது 14 டிபிஎம் (1 மில்லிவாட்டை பூஜ்யம் டிபிஎம் என்று வைத்துக்கொண்டு அளப்பது). இந்தியாவில் லோரா கருவிகள் பயன்படுத்தும் உரிமம் தேவையில்லாத அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 866 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்வோம். வெறும் வெளியில் 550 கிலோமீட்டர் போனால் ஏற்படும் இழப்பு 146 டெசிபெல். அதாவது அனுப்பிய சக்தியை 400 லட்சம் கோடியால் வகுக்க வேண்டும். மிஞ்சுவது மைனஸ் 132 டிபிஎம்.

இது போதுமா என்று தெரிய, ரிசீவரில் ஏற்கெனவே எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று பார்க்கணும். வெப்பம் இருக்கும் இடத்தில் எலெக்ட்ரான்கள் சும்மா இருக்காது. அந்த நடுக்கமே ஒரு ரேடியோ இரைச்சல். 125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் அது மைனஸ் 123 டிபிஎம். ரிசீவர் தன் பங்குக்கு 6 டெசிபெல் சேர்க்கும் என்று வைத்தால் மைனஸ் 117.

சிக்னல் மைனஸ் 132, இரைச்சல் மைனஸ் 117. சிக்னல் இரைச்சலுக்கு 15 டெசிபெல் கீழே கிடக்கிறது. இரைச்சலில் முப்பதில் ஒரு பங்குதான் நம் சிக்னல். சாதாரண வாக்கி டாக்கியாக இருந்தால் கதை இங்கேயே முடிந்தது. லோராவில் முடியவில்லை.

இரைச்சலுக்குள் இருந்து எடுப்பது

சின்ன வயதில் ராத்திரி குல்ஃபி வண்டி மணி கேட்ட ஞாபகம் இருக்கா? தெருவில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் அந்த மணி மட்டும் காதில் விழும். மணி ஒன்றும் சத்தமாக அடிக்காது. அதன் தாளம் நமக்கு முன்னாடியே தெரியும், அதைத்தான் மனசு தேடிக்கொண்டிருக்கும். எதைத் தேடுகிறோம் என்று முன்னாடியே தெரிந்தால், சத்தத்தைவிடச் சின்னதையும் கண்டுபிடிக்கலாம்.

லோராவின் தாளம் ஒரு விசில். தாழ்ந்த அலைவரிசையில் ஆரம்பித்து சீராக மேலே ஏறிக்கொண்டே போகும், உச்சி தொட்டதும் மறுபடி கீழிருந்து ஏறும். எந்த இடத்திலிருந்து ஏற ஆரம்பிக்கிறது என்பதில்தான் தகவல் இருக்கிறது. ரிசீவர் தன்னிடம் அதே விசிலைத் தலைகீழாக, அதாவது இறங்குமுகமாக வைத்திருக்கும். வந்ததையும் இதையும் பெருக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, நம் சிக்னல் ஒரே ஒரு அலைவரிசைப் புள்ளியில் ஊசி மாதிரி குவிந்துவிடும். இரைச்சலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதனால் அது பட்டை முழுக்க சிதறியே கிடக்கும்.

விசில் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. லோராவில் இதை எஸ்எஃப் என்ற எண்ணால் சொல்வார்கள். எஸ்எஃப்7 ரொம்பக் குட்டை விசில், எஸ்எஃப்12 ரொம்ப நீளம். எஸ்எஃப்12-இல் ஒரு விசில் 4096 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றையெல்லாம் ஒன்றாகக் குவிப்பதால் கிடைக்கும் லாபம் 36 டெசிபெல். அதனால் இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே, அதாவது நூறில் ஒரு பங்காகக் கிடக்கும் சிக்னலையும் எடுத்துவிடலாம். மைனஸ் 117-இலிருந்து 20 கழித்தால் மைனஸ் 137. நம் சிக்னல் மைனஸ் 132. ஐந்து டெசிபெல் கையில் மிச்சம்.

ஆக, தலைக்கு நேர் மேலே செயற்கைக்கோள் போகும்போது 25 மில்லிவாட் போதும். இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி45 ராக்கெட்டில், எமிசாட்டோடு சேர்ந்து போன 28 குட்டிச் செயற்கைக்கோள்களில் ஒன்றான எம்6பி-யில், லகூனா ஸ்பேஸ் என்ற நிறுவனத்தின் லோரா ரிசீவர் இருந்தது. அதன் வேலையே தரையில் கிடக்கும் இந்த மாதிரி கருவிகளைக் கேட்பதுதான்.

இதற்கு விலை வேகம். எஸ்எஃப்12-இல் நொடிக்கு 290 பிட் சுமார்தான் போகும். வாட்ஸ்அப் படம் அனுப்புகிற கதையெல்லாம் இங்கே நடக்காது. ஆனால் "நான் இன்ன இடத்தில் இருக்கேன், பேட்டரி இவ்வளவு" என்று சொல்ல 20 பைட் போதும். அது போக 1.3 நொடி ஆகும்.

முதல் சிக்கல்: அடிவானம்

மேலே போட்டது நேர் உச்சிக் கணக்கு. செயற்கைக்கோள் எப்போதும் உச்சியில் நிற்பதில்லை. அடிவானத்தில் எட்டிப் பார்க்கும்போது அதற்கும் நமக்கும் தூரம் 2700 கிலோமீட்டர். இழப்பு 160 டெசிபெல் ஆகிவிடும். சிக்னல் மைனஸ் 146-க்கு இறங்கிவிடும், நமக்கு வேண்டியது மைனஸ் 137. ஒன்பது டெசிபெல் பற்றாக்குறை.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. சக்தியை 100 மில்லிவாட்டாக ஏற்றினால் 6 டெசிபெல் வந்துவிடும். நம் நாட்டு விதிப்படி இந்தப் பட்டையில் 1 வாட் வரை அனுப்பலாம். மீதியை செயற்கைக்கோள் பக்கம் நல்ல ஆண்டெனா வைத்து ஈடுகட்டலாம்.

இந்த இடத்தில் என் மாடி அனுபவம் ஒன்றைச் சொல்லணும். டைனிஜிஎஸ் என்று ஒரு திறந்த வலையமைப்பு இருக்கிறது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் இஎஸ்பி32 போர்டில் லோரா சிப் பொருத்தி, லோராவில் பேசும் செயற்கைக்கோள்களைக் கேட்கிறார்கள். நானும் அதில் ஒரு நிலையம். நான் அதிகம் துரத்தியது நோர்பி என்ற ரஷ்யப் பல்கலைக்கழகச் செயற்கைக்கோள். நோவோசிபிர்ஸ்க்கில் செய்து 2020 செப்டம்பரில் ஏவியது, 436.703 மெகாஹெர்ட்ஸில் பேசும். மேலிருந்து கீழே வரும் இழப்பும் கீழிருந்து மேலே போகும் இழப்பும் ஒன்றுதான் என்பதால், என் நண்பன் கேள்விக்கு இது கண்ணாடி பிம்பம் மாதிரி.

முதல் இரண்டு வாரம் ஒரு விசித்திரம். நோர்பி பக்கவாட்டில், சாய்ந்த கோணத்தில் போகும்போது பாக்கெட் விழுந்தது. நேர் உச்சியில், மிகப் பக்கத்தில் போகும்போது ஒன்றும் விழவில்லை! மென்பொருளில் பிழை என்று நினைத்து இரண்டு ராத்திரி கோடு தோண்டினேன். பிழை கோடில் இல்லை. நான் வைத்திருந்தது நேராக நிற்கும் கம்பி ஆண்டெனா. நிற்கும் கம்பி பக்கவாட்டில்தான் கேட்கும், தன் தலைக்கு மேலே அதற்குக் காது கேட்காது. அதைச் சாய்த்துக் கட்டினதும் உச்சியிலும் பாக்கெட் வந்தது, பதிலுக்கு பக்கவாட்டில் கொஞ்சம் குறைந்தது. படகு அலையில் ஆடும். அங்கே ஆண்டெனா எந்த நொடி எந்தப் பக்கம் சாயும் என்று யார் சொல்வது? என் கணக்கில் மிச்சமிருந்த ஐந்து டெசிபெல்லை ஒரு பெரிய அலை தின்றுவிடும்.

இரண்டாவது சிக்கல்: ஓட்டம்

ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஹாரன் சுருதி இறங்குமே, அதே டாப்ளர் விளைவுதான் இங்கேயும். இந்த ரயில் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் ஓடுகிறது. 866 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் அடிவானத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிக் கேட்கும். கடந்து போன பிறகு 20 கிலோஹெர்ட்ஸ் கீழே.

லோரா பட்டையகலத்தில் கால் பங்கு வரை, அதாவது 31 கிலோஹெர்ட்ஸ் வரை விலகலைத் தாங்கும். அப்போ பிரச்சனை இல்லையே என்று தோன்றும். ஆனால் இரண்டாயிரம் ரூபாய் கருவியில் இருக்கும் மலிவான கிரிஸ்டலும் தன் பங்குக்கு விலகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றால் 17 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் 37, வரம்பைத் தாண்டிவிடும். வெயிலில் காய்ந்தால் விலகல் இன்னும் கூடும். நல்ல கிரிஸ்டல் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் விலை ஏறும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. உச்சியில் போகும்போது விலகல் பூஜ்யம், ஆனால் அது மாறும் வேகம் அங்கேதான் அதிகம். நொடிக்கு சுமார் 280 ஹெர்ட்ஸ். எஸ்எஃப்12-இல் அடுத்தடுத்த இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வெறும் 30 ஹெர்ட்ஸ். 1.3 நொடி நீளமான பாக்கெட் முடிவதற்குள் சிக்னல் பன்னிரண்டு படி நழுவிப் போயிருக்கும். சாதாரண ரிசீவர் அதைத் தொடர முடியாமல் தடுமாறும். எஸ்எஃப்10-க்கு மாறினால் அதே 20 பைட் 0.37 நொடியில் முடியும், நழுவல் ஒரு படிகூட ஆகாது. ஆனால் எஸ்எஃப்10-க்கு இரைச்சலுக்கு 15 டெசிபெல் கீழே வரைதான் காது. நம் சிக்னல் சரியாக அந்த விளிம்பில்தான் நிற்கிறது.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. செயற்கைக்கோள் பக்கத்தில் இருக்கும்போது குட்டை விசில், தூரத்தில் இருக்கும்போது நீள விசில். இதைச் செய்யணும் என்றால் செயற்கைக்கோள் இப்போ எங்கே இருக்கிறது என்று கருவிக்குத் தெரிந்திருக்கணும். அதாவது படகில் இருக்கும் பெட்டிக்கு நேரமும் இடமும் செயற்கைக்கோளின் பாதையும் தெரியணும். ஜிபிஎஸ் வைத்து செய்யலாம். பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, கவனித்தீர்களா?

மூன்றாவது சிக்கல்: கூட்டம்

இதுதான் உண்மையான வில்லன். 550 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் திசையிலும் 2500 கிலோமீட்டருக்கு மேல் தெரியும். குமரிக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளுக்கு இலங்கை, மாலத்தீவு, வங்கக் கடல், அரபிக் கடலின் பெரும்பகுதி, டெல்லி வரை எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். தரையில் இருக்கும் டவருக்கு சுற்றுவட்டாரக் கருவிகள் மட்டும். மேலே இருக்கும் காதுக்கு ஒரு துணைக்கண்டமே கத்துகிறது.

கருவிகள் ஒன்றை ஒன்று கேட்காமல் தோன்றியபோது பேசினால் என்ன ஆகும் என்று 1970-களின் தொடக்கத்திலேயே கணக்கு போட்டுவிட்டார்கள். ஹவாய் தீவுகளைக் கடல் தாண்டி ரேடியோவில் இணைத்த அலோஹா வலையமைப்புக்காக நார்மன் ஆப்ராம்சன் போட்டது. அந்த முறையில் ஒரு சேனலின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி மோதலிலும் மௌனத்திலும் போகும்.

நம் கணக்குக்கு இதை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கருவியும் மணிக்கு ஒரு தடவை 1.3 நொடி பேசினால், அந்த உச்சவரம்பை எட்ட ஒரு சேனலுக்கு சுமார் 1360 கருவிகள் போதும். துணைக்கண்டம் முழுக்க 1360! அந்த நிலையிலேயே ஒரு பாக்கெட் மோதாமல் போய்ச் சேர வாய்ப்பு 37 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பங்கு தோல்வி. சேனல்களைக் கூட்டலாம், வெவ்வேறு எஸ்எஃப் விசில்கள் ஒன்றை ஒன்று அவ்வளவாகக் கெடுக்காது, மோதலில் சத்தமானது பிழைக்கவும் செய்யும். இதெல்லாம் சேர்ந்து நிலைமையைச் சில மடங்கு மேம்படுத்தும். ஆனால் அதே உரிமமில்லாப் பட்டையில் தரையில் உள்ள மீட்டர்களும் சென்சார்களும் சும்மா இருக்காது. செயற்கைக்கோளுக்கு அதெல்லாம் கூச்சல்.

புயல் நாளை யோசித்துப் பாருங்கள். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தும். அலோஹா சரியாக அந்த நாளில்தான் கைவிடும்.

நான்காவது சிக்கல்: காத்திருப்பு

துருவங்கள் வழியாகச் சுற்றும் ஒரு செயற்கைக்கோள், பூமியை ஒரு முறை சுற்ற 95 நிமிடம் எடுக்கும். ஆனால் கீழே பூமியும் சுழல்வதால், குமரிக்கு அது தெரிவது நாளுக்கு சுமார் நான்கு தடவை. அடுத்தடுத்து இரண்டு, பிறகு அரை நாள் கழித்து இரண்டு. ஒவ்வொரு தடவையும் அதிகபட்சம் 12 நிமிடம். மற்ற நேரமெல்லாம் வானம் காலி. எப்போதும் ஒன்றாவது தலைக்கு மேல் இருக்கணும் என்றால் பல பத்துக்கணக்கான செயற்கைக்கோள்கள் வேண்டும்.

எதிரியே நண்பன் ஆன கதை

இவ்வளவு சிக்கலும் இருந்தும் இதை 1978-லேயே செய்துவிட்டார்கள். பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து தொடங்கிய ஆர்கோஸ் அமைப்பு, வானிலைச் செயற்கைக்கோள்களில் ரிசீவர் வைத்து, கடல் மிதவைகளும் விலங்குகள் மேல் பொருத்திய குட்டிக் கருவிகளும் 401.65 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னலைக் கேட்கிறது. அழகு என்னவென்றால், அந்தக் கருவிகளுக்கு ஜிபிஎஸ் தேவையில்லை. டாப்ளர் நழுவலின் வளைவைப் பார்த்தே அது எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் பக்கம் கணக்கு போட்டுவிடுவார்கள். விலகல் எந்த நொடியில் பூஜ்யம் தாண்டியது, எவ்வளவு வேகமாகத் தாண்டியது என்ற இரண்டும் போதும்.

இந்த யோசனையின் வேர் ஸ்புட்னிக். 1957-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் கையரும் வைஃபன்பாக்கும் ஸ்புட்னிக்கின் பீப் ஒலியின் டாப்ளரை அளந்து அதன் பாதையைக் கண்டுபிடித்தார்கள். அதைத் திருப்பிப் போட்டால் பாதை தெரிந்த செயற்கைக்கோளை வைத்து நம் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்! நம் ஊர்க் கடலோடிகள் கரையில் தெரியும் இரண்டு மலையையும் கோபுரத்தையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, மீன் இருக்கும் பாரைக் கண்டுபிடிப்பார்களே, கிட்டத்தட்ட அதே புத்திதான்.

2013 நவம்பரில் நாகாலாந்தின் பாங்டி பகுதியில் மூன்று அமூர் வல்லூறுகளுக்கு 5 கிராம் எடையுள்ள சூரிய சக்தி கருவியைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். அவை அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போனதை உலகம் பார்த்தது இந்த வழியில்தான். ஒரு பறவை முதுகில் வைத்தது மேலே கேட்கும்போது, படகில் வைத்தது கேட்காதா? கேட்கும். ஆனால் ஆர்கோஸ் பறவைக்கு அவசரமே இல்லை. இன்றைக்கு விட்டால் நாளைக்கு.

உயிர்காக்கும் வேலைக்கு வேறு கணக்கு. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பு 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூன்று பேரைக் காப்பாற்றியதில் தொடங்கியது. அதன் 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் 5 வாட்டில் கத்தும். நம் கருவியைவிட 200 மடங்கு. அரை நொடிக் கூவல், சுமார் 50 நொடிக்கு ஒரு முறை, அதற்கென்றே ஒதுக்கிய அலைவரிசை. அங்கே தண்ணீர் மீட்டர் குறுக்கே வராது.

நம் மீனவர்களுக்கு இஸ்ரோ செய்த ஆபத்து எச்சரிக்கைக் கருவி, டாட் என்பார்கள், 2010-இலிருந்து இருக்கிறது. பட்டனை அழுத்தினால் செய்தி புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக பெங்களூரு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். புவிநிலை என்றால் 36,000 கிலோமீட்டர் உயரம், இழப்பு ரொம்ப அதிகம், அதனால் சக்தியும் அதிகம் வேண்டும். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் எப்போதும் அங்கேயே நிற்கும். காத்திருப்பு இல்லை. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை டாட், செய்தி கிடைத்தது என்று படகுக்கு பதிலும் அனுப்பும். புளூடூத் வழியாக செல்போனில் தாய்மொழியிலேயே பார்க்கலாம். கடலில் தத்தளிக்கிறவனுக்கு "கேட்டுச்சு, வர்றோம்" என்ற இரண்டு வார்த்தை எவ்வளவு பெரியது என்று நான் சொல்லவேண்டியதில்லை. என் இரண்டாயிரம் ரூபாய் பெட்டியில் அது கிடையாது. கத்தும், அவ்வளவுதான். கேட்டுதா இல்லையான்னு தெரியாது.

கேட்கிற காது எல்லாருடையதும்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லோராவான் முறையில் செய்தி ஏஇஎஸ்-128-இல் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று வேறு யாரும் படிக்க முடியாது. ஆனால் "இங்கே ஒருத்தன் பேசுகிறான்" என்பதைப் பூட்ட முடியாது. டாப்ளரை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தோமே, அது சேவை தருகிற நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. ஹாக்ஐ 360 என்ற அமெரிக்க நிறுவனம் 2018-இலிருந்து மூன்று மூன்றாகச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டு, கீழே யார் எங்கிருந்து ரேடியோ அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்கிறது.

இதை நண்பனிடம் சொன்னபோது அவன் கவலைப்பட்டது அமெரிக்காவைப் பற்றி இல்லை. "அப்போ எனக்க பார் எங்க கெடக்குன்னு பக்கத்து போட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருமாலே?" என்றான். அப்பா காலத்திலிருந்து ரகசியமாக வைத்திருக்கும் மீன்பிடி இடம். பக்கத்து படகுக்காரனுக்குத் தெரியாது, ஆனால் சர்வர் வைத்திருக்கிறவனுக்குத் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவனுக்கு நான் சொன்ன பதில்

இயற்பியல் தடுக்கவில்லை. 100 மில்லிவாட், நல்ல கிரிஸ்டல், ஒழுங்கான ஆண்டெனா, ஜிபிஎஸ் இருந்தால் நடுக்கடலிலிருந்து ஒரு 20 பைட் மேலே போகும். ஆனால் அதைக் கேட்க மேலே ஒரு சேவை வேண்டும், இந்தியாவில் அப்படி ஒரு செயற்கைக்கோள் சேவையைத் தர மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். நாமே பெட்டி செய்து படகில் வைத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை.

நாளைக்கே அப்படி ஒரு சேவை வந்தாலும், ஆபத்துக்கு இதை நம்பக்கூடாது. அதற்கு டாட் இருக்கிறது, அதை வாங்கு, பேட்டரியைப் பார்த்து வை, படகில் கைக்கு எட்டும் இடத்தில் கட்டு என்றேன்.

அப்போ இந்தக் குட்டிப் பெட்டி எதற்கு? அவன் அண்ணன் கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த ஆறு நாளில் வீட்டுக்காரர்களுக்குத் தேவைப்பட்டது நொடிக்கு நொடி தகவல் இல்லை. நாளுக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றிலும் போய்ச் சேர 37 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். நான்கும் தோற்க வாய்ப்பு 16 சதவீதம். அதாவது ஒரே நாளில் ஒரு பாக்கெட்டாவது கேட்டிருக்க 84 சதவீதம் வாய்ப்பு. இரண்டு நாளில் 97. படகு கவிழாமல், பெட்டி நனையாமல் இருந்திருந்தால், அவர் மேற்கே எங்கே நகர்ந்துகொண்டிருக்கிறார் என்று இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். ஆறு நாள் அழுகை இரண்டு நாளாகியிருக்கும்.

இதைச் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "எண்பத்தி நாலுன்னா நூறுக்கு பதினாறு பேருக்கு அன்னைக்கு வராதுல்லா? வரலன்னா அவன் செத்துட்டான்னு வீட்ல நெனச்சுருவாவளே?"

என் எக்செல் ஷீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு நெடுவரிசை இல்லை. தகவல் வராமல் இருப்பதும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்தான், அதுவும் தப்பான தகவல். கருவியைச் செய்கிறவர்கள் டெசிபெல்லோடு சேர்த்து இதையும் கணக்கில் எடுக்கணும். ஒரு பாக்கெட் வரவில்லை என்றால் திரையில் என்ன எழுதுவது? "சிக்னல் இல்லை" என்றா, "அடுத்த வாய்ப்பு இன்று மாலை 6.40" என்றா? இரண்டாவதை எழுதலாம் என்றான் அவன். அதைத்தான் இப்போ எழுதிக்கொண்டிருக்கிறேன். செயற்கைக்கோள் பாதையை வைத்து, குறிப்பிட்ட இடத்துக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று தமிழில் சொல்லும் ஒரு சின்ன நிரல். முடிந்ததும் இங்கே போடுகிறேன்.

டாட் வாங்கிவிட்டான். போன வாரம் கடலுக்குப் போகும் முன் போட்டோ அனுப்பினான். சுக்கான் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில், நைலான் கயிற்றில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டியிருக்கிறான்.